நான்காம் சேனலில் வாகிரா

வாகிராவின் பெயரைத் துக்கினெம் முதலில் கேட்டது வாக்கி-டாக்கியில்தான். ஆற்றில் மணல் அள்ளுகிறவர்களுக்காக அவள் சோற்றுக்கடை போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. "மேலூர் வாகிரா பேசுறேன். எரிமலை உச்சியில மழை பிடிச்சிருச்சு, கரையேறுங்க!" என்று பெட்டி கத்தியது. விசாரித்தால், துக்கினெமின் மாமியாருக்கு ஒன்றுவிட்ட தங்கை மகள். மணல் அள்ளும் பொனிஜானுக்குக் கூடப்பிறந்த அக்கா.

ஆற்றோரத்து ஏழு ஊருக்கும் அந்த நான்காம் சேனல்தான். மேலே மழை அளக்கிறவள் சொன்னால் எல்லார் காதிலும் விழும். ஒரு பெட்டி செத்தாலும் பக்கத்து ஊர் வாங்கிச் சொல்லும். உச்சியில் பெய்யும் மழை சாம்பலைக் கரைத்து உருட்டிவரும் சேறு மணல் குழிக்கு வர அரை மணி நேரமாகும். கரையேற அது தாராளம்.

"அக்கா, நெசமா மழையா, இல்ல துணி பிழியுறியா?" என்பான் பொனிஜான்.

"உன் கைலியத்தான்டா பிழியுறேன். ஏறு மேல!"

ஒரு வருஷம் நகரத்து அதிகாரிகள் வந்தார்கள். ஆளாளுக்குக் கத்தினால் பீதிதான் மிஞ்சும். இனி ஒன்பதாம் சேனலில் எங்களிடம் மட்டும் சொல்லுங்கள், எங்கள் கணினி கணக்குப் போட்டுச் சொன்னதும் அபாயச் சங்கை நாங்களே ஊதுவோம் என்றார்கள். வாகிரா கையெழுத்துப் போட்டாள்.

"நாங்க காதால கேட்டா என்னடி குத்தம்?" என்றாள் துக்கினெம்.

"பெரியவங்ககிட்ட சரின்னுட்டேன், அண்ணி. இனி மாத்திப் பேசுனா நல்லாவா இருக்கும்?"

மூன்று மாசம் நான்காம் சேனல் ஊமையாகக் கிடந்தது. ஒருநாள் மத்தியானம், கீழே வெயில் அடிக்கும்போதே அது அலறியது. "ஏறுங்க! டேய் பொனிஜான், ஏறுடா!"

துக்கினெம் சட்டியைத் தட்டிக்கொண்டே ஓடினாள். பாதிப்பேர் ஏறிவிட்டார்கள். பொனிஜான் குழியிலிருந்தே கையாட்டினான்.

"அக்கா சொல்லிட்டால்ல, அரை மணி இருக்கு. இந்த லோடை முடிச்சுட்டு வர்றேன் அண்ணி, காப்பி போட்டு வையுங்க."

பத்தே நிமிஷத்தில் சேறு வந்தது. அவனோடு சேர்த்து நாலு பேர். மூன்றாம் நாள் அவன் கைலி மட்டும் கிடைத்தது.

நாற்பதாம் நாள் ஓதலுக்குப் பிறகுதான் வாகிரா வாய் திறந்தாள். அன்று இடி விழுந்து நகரத்தில் கரண்ட் போய், கணினியும் பெட்டியும் செத்துக் கிடந்தன. அது இவளுக்குத் தெரியாது. எதிர்முனை 'கிடைச்சுது' என்று சொல்லாமல் சேனலை விட்டுப் போவது அவர்களிடையே மரியாதைக் கேடு.

"இருபது நிமிஷம் அண்ணி. ஐயா கேக்குதா, ஐயா கேக்குதான்னு ஒன்பதுலயே நின்னேன். அப்புறம்தான் நாலுக்கு மாத்தினேன்."

அரை மணியிலிருந்து அந்த இருபது நிமிஷத்தைக் கழிக்கப் பொனிஜானுக்குத் தெரிந்திருக்கவில்லை.

வாகிரா இப்போது பொனிஜானின் வீட்டில் இருக்கிறாள். அவன் பிள்ளைகள் இரண்டுக்கும் சோறு பொங்கிப் போடுகிறாள். மேலூரில் மழை அளக்க ஆளில்லை.