ஆயில் மாற்றாத மூன்று வருடம்

கார் ஆயிலை எப்போது மாற்ற வேண்டும் என்று இப்போது யார் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வேன். என் வண்டிக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. இந்தப் பாழாய்ப்போன புத்தி அப்போதே வந்திருக்கக் கூடாதா?

கோவில்பத்தில் வீடு, காரைக்கால் டவுனில் ஆபீஸ். காலையில் போய் மாலையில் திரும்புவதுதான் என் காரின் மொத்த ஓட்டம். தலத்தெரு மெக்கானிக் பார்க்கும்போதெல்லாம் சொல்வார்: "சார், வருஷமாச்சு, ஆயில மாத்திடுவோம்."

"மூவாயிரம்கூட ஓடல, அதுக்குள்ள என்னங்க ஆயிலு?" என்று மடக்குவேன், பெரிய மேதாவி மாதிரி.

ஆயுத பூஜைக்கு மட்டும் எனக்குப் பக்தி பொங்கிவிடும். காரைக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பேன். அன்றைக்குத்தான் ஆயில் அளவுக் கம்பியையும் உருவிப் பார்ப்பது. குறைந்திருந்தால் கொஞ்சம் ஊற்றுவேன். ஊசிப்போன சாம்பாரில் புதுச் சாம்பாரை ஊற்றுகிறோம் என்று உறைக்கவே இல்லை. இப்படியே மூன்று ஆயுத பூஜை போனது.

ஒருநாள் காலை மன்னார்குடியிலிருந்து மனைவியின் தம்பி போன் செய்தான். மாமனாருக்கு மூச்சு இழுக்கிறது, மகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், உடனே வரவேண்டும் என்றான். காரில் கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது அவள் சொன்னாள்: "வண்டி சத்தம் ஒரு மாதிரியா இருக்குங்க. திருவாரூர் பஸ்ஸு நிக்குது. ஏறிடட்டுமா?"

"சொந்தமா கார வச்சுக்கிட்டு பஸ்ல போய் எறங்குனா உங்க ஊருல என்ன நெனைப்பாங்க? சும்மா உக்காரு."

உட்கார்ந்தாள்.

திருவாரூர் நெருங்கும்போது வண்டியில் ஆயில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஏதோ ஒயர் கோளாறு என்று சொல்லிக்கொண்டு மிதித்தேன். திருவாரூர் தாண்டி, இரண்டு பக்கமும் வயலாக இருந்த இடத்தில், எஞ்சின் கடகடவென்று அடித்து நின்றது. பிறகு அசையவில்லை. நல்ல வெயில். அவள் ரோட்டில் நின்று வருகிற வண்டிக்கெல்லாம் கை காட்டினாள். கடைசியில் ஒரு லோடு ஆட்டோ நின்றது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாமனாரின் கண்ணை மூடி, தாடையைக் கட்டியிருந்தார்கள்.

"பாப்பா வந்துடுச்சா, பாப்பா வந்துடுச்சான்னு ரெண்டு தடவ கேட்டாருக்கா" என்றான் தம்பி.

துக்க வீட்டில் ஒரு பெரியவர், "மாப்பிள்ளைக்கு சனி நடக்குது போல, அதான் வண்டி வழியில நின்னுருக்கு" என்றார். நான் உடனே தலையாட்டினேன். ஐயோ, அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

வண்டியைப் பிரித்த மெக்கானிக் என்னை மட்டும் கூப்பிட்டுக் காட்டினார். ஆயில் தார்போல இறுகிக் கிடந்தது. "கொஞ்ச தூரமே ஓடுற வண்டி சார், எஞ்சின் நல்லா சூடாவறதுக்குள்ள நிறுத்திடுறீங்க. அதுலதான் ஆயில் சீக்கிரம் கெடும். படிச்சு படிச்சு சொன்னேனே" என்றார். இதை வீட்டில் சொல்லவில்லை.

அவளோ என் சனி விலக வேண்டும் என்று ஒன்பது சனிக்கிழமை திருநள்ளாறு போய் எள் விளக்கு ஏற்றினாள். நானும் கூடவே போய்க் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். ஒன்பதாவது வாரம், விபூதியை என் நெற்றியில் இட்டு, "இனிமே உங்களுக்கு ஒண்ணும் வராதுங்க" என்றாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. பிரகாரத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சொன்னது இவ்வளவுதான்: "அன்னைக்கு பஸ்ஸு நின்னுச்சுங்க. நான் ஏறியிருப்பேன்."

இப்போது வருடம் தவறாமல் ஆயில் மாற்றுகிறேன். கார் சத்தமில்லாமல் ஓடுகிறது. தன் அம்மாவைப் பார்க்க மன்னார்குடி போகும்போது அவள் திருவாரூர் பஸ்ஸில்தான் போகிறாள். நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய் விடுகிறேன்.