காலில் பெயர் எழுதலாமா?

வெப்சைட் செய்து பிழைக்கிறவனுக்குக் கம்ப்யூட்டரால் வரும் தொல்லை கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் மனிதர்களால் வருவது. இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த ஆரம்ப வருடங்களில் திருவள்ளூரில் ஒரு நெட் சென்டரின் மாடியில் கடை போட்டிருந்தேன். செயற்கைக் கால் செய்து இலவசமாகக் கொடுக்கும் ஓர் அறக்கட்டளை என்னைத் தேடி வந்தது. நன்கொடை வற்றிப்போய், கால் செய்யும் பட்டறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். வெப்சைட் வைத்தால் பணம் வருமா என்று கேட்டார்கள். வரவழைத்துக் காட்டுகிறேன் என்றேன். அப்போதும் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

தலைவர் வருகிறார்

முதல் பக்கம் முழுக்கத் தன் படம்தான் இருக்க வேண்டும் என்றார் அறக்கட்டளைத் தலைவர். மாலை போட்டுக்கொண்டு கும்பிடும் படம். நன்கொடை பட்டன் அதற்குக் கீழே எங்கேயோ கிடந்தது. யாரும் அதுவரை இறங்கி வர மாட்டார்கள் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். "குடுக்கறவன் யாராண்ட குடுக்கறோம்னு மூஞ்சியப் பாக்க வாணாமா?" என்பார்.

வாதாடுவதை விட்டுவிட்டு அவரையே கீழே நெட் சென்டரில் உட்கார வைத்து, நீங்களே ஒரு நன்கொடை கொடுத்துப் பாருங்கள் என்றேன். டெலிபோன் லைனில் ஓடும் இன்டர்நெட். படம் நெற்றியிலிருந்து கோடு கோடாக இறங்கியது. டீ வந்தது, குடித்தோம், கிளாஸையும் எடுத்துப் போனார்கள். தலைவர் ஸ்கிரீனை முறைத்தபடி சொன்னார்: "இன்னாய்யா இது, நானே இன்னும் கழுத்து வரிக்கும்தான் வந்துக்கீறேன்!"

கொஞ்சம் சோகமாக

தலைவர் பாஸ்போர்ட் சைஸுக்கு இறங்கியதும், காலியான இடத்தில் காலுக்காகக் காத்திருப்பவர் ஒருவரின் படத்தைப் போட நினைத்தேன். வரிசையில் முதலில் இருந்தவள் செல்வி. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்தவள். லாரி மோதி ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. நின்று வேலை செய்ய முடிந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை.

கேமராவைப் பார்த்து நன்றாகச் சிரித்தாள். சோகமாக இருந்தால்தான் பணம் வரும், முகத்தைக் கொஞ்சம் தொங்கப்போடு என்றேன். "கால்தாண்ணா போச்சு. மூஞ்சி நல்லாத்தானே கீது?"

சிவப்பு நட்சத்திரம்

சிரித்த படத்தோடுதான் வெப்சைட்டை வெளியிட்டேன். பெயர்க் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் வைத்திருந்தேன். பெயர் போடாவிட்டால் வங்கிக் கணக்கு எண் உள்ள பக்கம் திறக்காது. ரொம்பப் பெருமையாக வைத்தது அது. பழவேற்காட்டிலிருந்து ஒரு வியாபாரி பாய் போன் செய்தார். "நான் தர்மம் பண்றது அல்லாவுக்குத் தெரிஞ்சாப் போதும் தம்பி. ஒங்க கம்ப்யூட்டருக்கும் தெரிஞ்சே ஆவணுமா?"

உபயம்

நட்சத்திரத்தை அன்றே பிடுங்கிப் போட்டேன். பெயரில்லாத பணம் வரத் தொடங்கியது, பட்டறையும் திறந்தது. திருப்பாச்சூர்ப் பக்கம் நெல் வயல் வைத்திருந்த ஒரு பெரியவரோ இதற்கு நேர் எதிர். செல்வியின் கால் செலவு முழுக்கத் தன்னுடையது என்றார், ஆனால் அந்தக் காலிலேயே தன் பெயர் இருக்க வேண்டுமாம். வெப்சைட்டில் போடுகிறேன் என்று கெஞ்சினேன். "கோயிலுக்கு டியூப்லைட்டு குடுத்தா அது மேலயே உபயம்னு எழுதறாங்க. காலு குடுத்தா எழுத மாட்டீங்களா நைனா?"

பெயிண்டரும் வந்தார்

கால் மாட்டும் நாளில், டியூப்லைட்டுக்கு எழுதும் பெயிண்டரையே கூட்டிக்கொண்டு வந்து நின்றார் பெரியவர். தலைவர் நெளிந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, ஆனால் பணம் அவருடையது. செல்வி கம்பியைப் பிடித்து எழுந்தாள், பிடியை விட்டாள், நடந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை. அவள் நேராகப் பெரியவர் முன்னால் போய் நின்றாள்.

"தாராளமா எழுதிக்கோங்க ஐயா. இந்தக் காலு கம்பெனில ஷிப்டு பூரா நிக்கும், பெரியபாளையத்தம்மன் கோயிலுக்கு நடக்கும், காலைல கக்கூசுக்கும் போவும். ஒங்க பேரும் கூடவே வரும். பரவால்லியா?"

பெயிண்டர் டப்பாவைத் திறக்காமலே திரும்பிப் போனார். செல்வி வேலைக்குப் போய்விட்டாள், பெரியவர் இன்னொரு காலுக்கும் பணம் அனுப்பி, பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அது தான்தான் என்று எனக்குப் போன் செய்தும் சொன்னார். ஆகவே நண்பர்களே, தலைவரைச் சின்னதாக்கி நட்சத்திரத்தை எடுப்பதோடு நம் வேலை முடிந்தது, மிச்சத்தைச் செல்வி பார்த்துக்கொள்வாள்.