துரைக்கு வந்த அனுமதி

குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுபார்த்துப் பிழைத்த அந்த மெக்கானிக்குக் கண்ணில் பட்ட அறிவிப்பையெல்லாம் கடைசி வரி வரைக்கும் படிக்கிற பழக்கம் உண்டு. மின்கம்பத்தில் ஒட்டியிருந்தாலும் சரி, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தாலும் சரி. வரிசையில் நடுவே நுழைய மாட்டார். ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் அவர்மேல் ஒரு புகார் கிடையாது. "சட்டம்னா உங்களுக்கு மாமனார் மாதிரி" என்று மனைவி கேலி செய்வார். "இல்ல, எங்கப்பாவுக்குக்கூட நீங்க இவ்வளவு பயந்ததில்ல."

ஒன்பது வருடத்துக்கு முன்பு, ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன ஒரு வீட்டில் ஏசியைக் கழற்றப் போயிருந்தார். குளியலறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே முழ நீளத்துக்குப் பச்சையாக ஒரு பிராணி, விலா எலும்பு தெரியக் கிடந்தது. வீட்டுக்காரரைக் கேட்டதற்கு, "குப்பையோட சேர்த்துப் போட்டுருங்க" என்றார். மெக்கானிக்குக் கை வரவில்லை. கருவிப் பைக்குள் துணி விரித்து வீட்டுக்குத் தூக்கி வந்தார்.

மனைவி ஒரே பார்வைதான் பார்த்தார். "ஓணானையா கொண்டு வந்திருக்கீங்க? இதை வீடுன்னு நெனச்சீங்களா, வேலின்னு நெனச்சீங்களா?"

அது இகுவானா என்பதும், எங்கோ தூரதேசத்துக் காட்டில் பிறக்கிற ஜாதி என்பதும், சூடு இல்லாவிட்டால் தின்றது செரிக்காமல் செத்துப்போகும் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. ஓட்டை உடைசலுக்குப் போட்டிருந்த பழைய ஃபிரிட்ஜ் ஒன்றை எடுத்தார். கதவைக் கழற்றிக் கண்ணாடி பொருத்தினார். குளிர் கூடினால் மோட்டாரை நிறுத்துகிற கருவியை, குளிர் கூடினால் விளக்கு எரிகிற மாதிரி மாற்றிக் கட்டினார். ஊருக்கெல்லாம் குளிரூட்டியவர் வீட்டில் ஒன்று மட்டும் வெயில் காய்ந்தது. நாளுக்கு நாள் தேறி, ஒரு வருடத்தில் ஆள் கைநீளத்துக்கு வளர்ந்தது. அது பாதிக் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிற தோரணையைப் பார்த்து மனைவிதான் பெயர் வைத்தார். "துரை எழுந்தாச்சா? துரைக்கு இன்னும் பூசணிக்காய் நறுக்கலையாம்!" என்று அலுத்துக்கொண்டே நறுக்குவார். தோள்வலிக்கு விளக்குப் பக்கத்தில் மனைவி உட்காரும்போது துரை மெல்ல ஏறி மடியில் படுத்துக்கொள்ளும். பிள்ளையில்லாத வீடு அது. அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

பிறகு சட்டம் வந்தது. அயல்நாட்டுப் பிராணி வளர்ப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும், விசாரித்து அனுமதி தருவார்கள், மறைத்தால் சிறை.

மனைவியின் தம்பி வண்ணமீன் கடை வைத்திருந்தான். முன்பக்கம் மீன், திரைக்குப் பின்னால் கடத்தி வந்த அயல்நாட்டுப் பிராணிச் சரக்கு. அவன் ஓடி வந்தான். "மாமா, இது இருக்கறது யாருக்குத் தெரியும்? ஜன்னலுக்கு ஒரு திரையைப் போட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இருங்க."

"எனக்குத் தெரியுமே, மச்சான்."

"வெளங்கிரும்" என்று எழுந்து போனான்.

முதல் வாரமே மெக்கானிக் அலுவலகத்துக்குப் போனார். படிவத்தில் 'கண்டெடுத்தது' என்று எழுதி நீட்டினார். எழுத்தர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கண்டெடுத்ததுன்னு கட்டமே இல்லையே சார். வாங்கினது, பரிசா வந்தது, இங்கயே பொறந்தது. மூணுல ஒண்ணு சொல்லுங்க."

"வாங்கலை. யாரும் குடுக்கலை."

எழுத்தர் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தினார். "அப்ப பொறந்ததுன்னு போடுங்க. யார் வந்து பிரசவம் பாத்தாங்க?"

"நடக்காததை எப்படிங்க எழுதறது?" என்றார் மெக்கானிக். கட்டங்களுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பதினோராம் நாள் மூன்று பேர் வந்தார்கள். அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். "மூலம் தெரியாத பிராணி. விசாரணை முடியறவரைக்கும் காப்பகத்துல இருக்கணும்" என்றவர், ஃபிரிட்ஜ் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "நல்லாத்தான் வச்சிருக்கீங்க."

"அப்ப இங்கயே இருக்கட்டுமே சார்."

"நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? எழுதலைன்னா நாங்க இந்தப் பக்கம் வந்தே இருக்க மாட்டோம்." அவர் குத்திப் பேசவில்லை. உள்ளதைச் சொன்னார்.

துரையைச் சாக்கில் போட்டு வாயைக் கட்டினார்கள். மனைவி ஒரு டப்பா நிறையப் பூசணித் துண்டுகளைக் கொடுத்தார். வாங்கியவர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தார்.

ஞாயிறுதோறும் மெக்கானிக் இரண்டு பஸ் மாறிக் காப்பகத்துக்குப் போனார். முதல் நாள் அங்கே வாசலில் ஒரு பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் பாட்டிலுக்குள் ஒவ்வொன்றாகத் திணித்துக் கடத்தி வந்த கிளிக்குஞ்சுகள். முக்கால்வாசி செத்திருந்தன. "இதுக்குத்தான் சார் சட்டம்" என்றார் பராமரிப்பாளர். மெக்கானிக் தலையாட்டினார். அது பொய்யில்லை என்று அவருக்கே தெரிந்தது. அதனால் சட்டத்தை வாயாரத் திட்டக்கூட அவருக்கு வழியில்லாமல் போயிற்று.

துரை தகரக் கொட்டகையில் இருந்தது. பெயருக்கு ஒரு பல்ப், அதுவும் கூண்டுக்கு எட்டாத தூரத்தில். பச்சை நிறம் கறுத்திருந்தது.

"இதுக்கு முப்பது டிகிரிக்கு மேல சூடு வேணும். லைட்டும் கருவியும் நானே கொண்டாந்து மாட்டித் தரேன். காசு வேணாம்."

"வெளியாள் வயரிங்ல கை வைக்கக் கூடாது சார். மனுவா எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். அடுத்த ஞாயிறும் எழுதிக் கொடுத்தார். நாலாவது மனு கொடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஐந்தாவது ஞாயிறு கூண்டு கழுவிக் காய்ந்திருந்தது.

"வியாழக்கிழமை" என்றார் பராமரிப்பாளர். "குளிர் தாங்கலை போல. எரிச்சாச்சு."

"எனக்கு ஏன் சொல்லலை?"

"நீங்கதான் உரிமையாளர்னு இன்னும் முடிவாகலையே சார்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "பொறந்ததுன்னு போட்டிருந்தா?"

அந்தக் கேள்வி அன்றிலிருந்து அவர்களோடு சேர்ந்து சாப்பிட்டது, சேர்ந்து படுத்தது. மாமனாரை வைத்துச் சொல்லும் கேலியை மனைவி அதற்குப் பிறகு சொல்லவேயில்லை.

ஏழு வாரம் கழித்துத் தபாலில் ஓர் உறை வந்தது. முத்திரையும் எண்ணும் போட்ட அனுமதிச் சான்றிதழ். பிராணி இறந்தால் இரண்டு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், தவறினால் தண்டனை என்று பின்பக்கம் இருந்தது. வழக்கம்போலக் கடைசி வரி வரைக்கும் படித்தார். மறுநாளே போய் நின்றார்.

அதே எழுத்தர். கணினியில் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அனுமதி தேதிக்கு முன்னாடியே செத்திருக்கே. செத்ததுக்கு அனுமதி குடுத்த மாதிரி ஆயிடும், ஏத்துக்காது சார். நேத்து செத்ததா போட்டுருங்க. எடம், உங்க வீடு. காரணம், முதுமை."

"என் வீட்டுலயா?"

"ஃபைலை மூடணுமே சார்."

மெக்கானிக் பேனாவை வாங்கினார். தன் வீட்டில், தன் பொறுப்பில், முதுமையால் நேற்று இறந்தது என்று எழுதினார். கீழே இருந்த வெற்றிடத்தை அப்படியே விட்டார். அதுதான் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. எழுத்தர் எந்த மறுப்பும் இல்லாமல் முத்திரை குத்தினார்.

மச்சான் கடையை எந்த அதிகாரியும் எட்டிப் பார்க்கவில்லை. திரைக்குப் பின்னால் சரக்கு வந்தது, போனது.

பதிவுக்குக் கடைசி வாரம் ஒரு பள்ளி ஆசிரியை வீட்டுக்கு மெக்கானிக் ஃபிரிட்ஜ் பார்க்கப் போனார். வாடிக்கையான வீடு. பால்கனித் தொட்டியில் மஞ்சள் கட்டம் போட்ட அயல்நாட்டு ஆமை ஒன்று கீரை தின்றுகொண்டிருந்தது.

"அண்ணே, நீங்க விவரமானவர். என் பையன் எங்கிருந்தோ கொண்டு வந்தான், ரசீது கிசீது ஒண்ணும் இல்ல. வெள்ளிக்கிழமை கடைசி நாளாம். போய் உண்மையைச் சொல்லிப் பதிஞ்சிடலாமா?"

"எந்த ஆமைங்க? நான் எதையும் பாக்கலையே" என்றார் மெக்கானிக்.

அந்த அம்மா திகைத்துப்போய் நின்றார். மெக்கானிக் ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பி, குனிந்து பின்பக்க மூடியின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தார்.