மச்சான் பெயரில் நான்கு சான்றிதழ்கள்

தாள் இயந்திரத்தை விட்டு முழுசாக வெளியே வருவதற்குள் செக்கர் அதை உருவி நெஞ்சோடு கவிழ்த்துக்கொண்டார்.

"மை காயட்டும் சார்," என்றார் அச்சுக்கடைக்காரர். "உங்க சர்ட்டிபிகேட்டை நான் பார்த்து என்ன பண்ணப்போறேன்?"

"என்னுதுன்னு யார் சொன்னா?"

சொன்னது பொய்யில்லை. புள்ளியியல் அடிப்படைகள் என்ற நாலு வாரப் பாடத்தைச் சிறப்பாக முடித்ததாகத் தாளில் இருந்தது அவருடைய மச்சானின் பெயர். மச்சான் வேன் ஓட்டுகிறவன். புள்ளியியல் என்று அவன் வாயில் ஒருநாளும் வந்ததில்லை.

செக்கருக்குத் துணி ஆலையில் குறை பார்க்கும் வேலை, இருபத்திரண்டு வருடமாக. அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை. மேலே துணி ஓடிக்கொண்டே இருக்கும். அறுந்த இழையோ எண்ணெய்ப் பொட்டோ கண்ணில் பட்டால் ஓட்டத்தை நிறுத்தி, ஓரத்தில் சிவப்பு நூல் கட்டுவார். குறையே இல்லாத துணி வந்தால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. திருப்பி இன்னொரு முறை ஓட்டுவார்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவிதான் ஆரம்பித்து வைத்தாள். "போன்லயே பாடம் நடத்துறாங்களாம். பெரிய பெரிய புரொபசருங்க. எல்லாம் ஓசி."

"சும்மா எவன் குடுப்பான்? உள்ள ஏதோ இருக்கு."

என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் சேர்ந்தார். சேரும்போது பெயர் கேட்டார்கள். சொந்தப் பெயரைக் கொடுக்க அவர் என்ன கேனையா? மச்சான் பெயரைப் போட்டார். வாங்கிப்போன ஏணியை ஏழு வருடமாகத் திருப்பித் தராதவன். வில்லங்கம் வந்தால் அவன் தலையில் விடியட்டும்.

முதலில் பாறைகள் பற்றிய பாடம். நாலாவது வாரம் பணம் கேட்பார்கள் என்று காத்திருந்தார். கேட்கவில்லை. வலை அடுத்ததில் இருக்கும் என்று தர்க்கவியலில் சேர்ந்தார். பிறகு கடல் நீரோட்டங்கள். பிறகு புள்ளியியல். அதில் மூன்றாம் வாரக் கணக்கு ஒன்றில் தப்பு இருந்தது. எழுதிப் போட்டார். மறுநாளே திருத்தி, நன்றி சொல்லிப் பதில் வந்தது. அவருக்குச் சந்தேகம் இரட்டிப்பானது.

"தப்பை இவ்வளவு சீக்கிரமா ஒத்துக்கிறான்னா என்ன அர்த்தம்?"

"நல்லவன்னு அர்த்தம்," என்றாள் மனைவி. "திருடனைப் பிடிக்கப் போய் அவன் வீட்டுலயே நாலு மாசமா உக்காந்திருக்கீங்க."

அவருக்கே தெரியாமல் பாடம் கைக்குள் இறங்கியிருந்தது. கட்டிய சிவப்பு நூல்களைத் தறிவாரியாக, நாள்வாரியாக எண்ணி எழுதினார். பன்னிரண்டாம் தறியில் வியாழக்கிழமைகளில் மட்டும் பொட்டு விழுந்தது. எண்ணெய் போடும் நாள் புதன். ஆய்வக அதிகாரியிடம் சொன்னார்.

"எங்க படிச்சீங்க?" என்றார் அதிகாரி.

"எங்கயும் படிக்கல."

ஒரு வாரம் கழித்து அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். ஆய்வகத்துக்கு உதவியாளர் தேவை. ஆலைக்குள்ளிருந்தே எடுப்பார்கள். புள்ளியியலில் ஏதாவது ஒரு சான்றிதழ் வேண்டும். செக்கருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. விளக்கு மேசையில் இன்னும் இரண்டு வருடம் நின்றால் அப்புறம் தன்னிடம் வராதீர்கள் என்று கண் மருத்துவர் சொல்லியிருந்தார். ஆய்வகத்தில் மேசைக்கு அடியில் விளக்கு கிடையாது. விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு முந்தின நாள்தான் சான்றிதழை அச்சடிக்கப் போனார்.

அச்சுக்கடையிலிருந்து நேரே ஆலைக்குப் போனார். மச்சான் பெயரின் மேல் தன் பெயரை ஒட்டி, விளக்கு மேசையில் வைத்துப் பார்த்தார். ஒட்டு பளிச்சென்று தெரிந்தது. அவர் கண்ணுக்கே தெரிகிறதென்றால் யாருக்குத்தான் தெரியாது. கிழித்துப் போட்டுவிட்டு, பெயரை மாற்றித் தரச் சொல்லிப் பாடம் நடத்துகிறவர்களுக்கு எழுதினார்.

சாயங்காலம் வீட்டில் மச்சான் உட்கார்ந்திருந்தான். அக்கா சொல்லி வந்திருக்கிறான்.

"மாமா, நான் பாறையெல்லாம் படிச்சிருக்கேனாமே. கடல் வேறயாம். பேசாம அந்த வேலைக்கு நானே வந்துரட்டுமா?"

"ஏணி எங்கடா?"

"படிச்சவன்கிட்ட ஏணியைப் பத்திப் பேசுறீங்களே மாமா."

மனைவி சிரிக்கவில்லை. "பேரை மாத்தச் சொல்லி எழுதினீங்களே. என்ன பதில்?"

செக்கர் போனை நீட்டினார். அடையாள அட்டையின் படம் அனுப்பினால் இன்னாரென்று சரிபார்த்துப் பெயரை மாற்றித் தருவதாக எழுதியிருந்தார்கள்.

"பார்த்தியா?" என்றார். குரலில் சந்தோஷம் கூட இருந்தது. "நாலு மாசம் பொறுமையா இருந்து இப்பக் கேக்குறான். இதுக்குத்தான் இவ்வளவும்."

"பேரை மாத்தணும்னா அட்டை கேக்கத்தான் செய்வாங்க. நாங்க சீட்டு இல்லாம மருந்து குடுப்போமா?"

"அட்டை கைக்குப் போச்சுன்னா நம்ம பேர்ல என்ன வேணா பண்ணுவான்."

"நீங்க என் தம்பி பேர்ல பண்ணுன மாதிரியா?"

மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டு நைசாகக் கிளம்பினான்.

"கண்ணு உங்களோடது," என்றாள் மனைவி. "அப்புறம் உங்க இஷ்டம்."

இரும்புப் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்தார். துடைத்தார். மேசையில் வைத்துப் படம் பிடித்து அனுப்பினார். மனைவி போனை வாங்கிப் பார்த்தாள். படத்தில் பாதிக்கு அவருடைய கட்டைவிரல் இருந்தது. எண்ணும் பிறந்த தேதியும் விரலுக்கு அடியில் இருந்தன. அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பதில் வந்தது. படம் தெளிவாக இல்லை, மறுபடி அனுப்பவும். செக்கர் அனுப்பவில்லை. மதியம் விண்ணப்பத்தைக் கொடுத்தார். சான்றிதழ் என்ற கட்டம் காலியாக இருந்தது. அதிகாரி அதைப் பார்த்தார், இந்த வேலை உங்களுக்குத்தான் என்று நினைத்திருந்தேன் என்றார், தாளைத் திருப்பிக் கொடுத்தார். ஐந்து மணிக்கு அறிவிப்பை எடுத்துவிட்டார்கள். பன்னிரண்டாம் தறித் துணி வந்தது. செக்கர் ஏழு சிவப்பு நூல் கட்டினார். வீட்டுக்கு வந்து கண்ணில் மருந்து விட்டுக்கொண்டார். பிறகு புள்ளியியல் பாடத்தில் முதல் வாரத்திலிருந்து மறுபடி சேர்ந்தார். பெயர் கேட்ட இடத்தில் தன் பெயரை எழுதினார். பிறந்த தேதியை மட்டும் ஒரு நாள் தள்ளிப் போட்டார்.