மணக்குதா என்று கேட்டவர்

லட்சுமி டீச்சர் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பேராதனை பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் என் முகத்தைப் பார்த்து யாரோ இடம்விட்டு உட்காரவைத்தார்கள்.

நானும் அவரும் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் அவரிடம் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு ஆய்வுகூடத்தின் பின்னால், பலாமர நிழலில் நிற்கும் மனோரஞ்சிதத்தைத் தெரியும். அதை வைத்தவர் அவர்தான். வெயிலே விழாத இடத்தில் பூக்காது என்றோம். மனோரஞ்சிதத்துக்குப் பாம்பு வரும் என்று பள்ளி அதிபர் பயந்தார். பள்ளித் தவணை முடிவதற்குள் பூத்து மணக்காவிட்டால் வெட்டச் சொல்லிவிட்டார். ஹந்தானை மலையில் பிறந்த டீச்சர் அசையவில்லை. "நிழல் ஆகாதுன்னு யாருங்க சொன்னா? தண்ணி தேங்கினாத்தான் ஆகாது" என்று சொல்லி, மண்ணை மேடாக்கி, பலா இலைகளை மக்கவைத்துப் போட்டார்.

ஒன்று எனக்கு மட்டுமே தெரியும். ஒரு காய்ச்சலோடு அவருக்கு வாசனை அறியும் சக்தி போயிருந்தது. கேஸ் அடுப்புகளோடு வேலை செய்பவர். வெளியே தெரிந்தால் ஆய்வுகூடத்தை விட்டு மாற்றிவிடுவார்கள் என்று பயந்தார். தினமும் காலையில் நான் அங்கே போய், கேஸ் கசிகிறதா என்று மோந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பார். நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அடுப்பு வேலை முடிந்ததும் என்னோடு செடியடியில் நின்று, "மணக்குதா டீச்சர்?" என்பார். தவணை முடிய ஒரு வாரம் இருந்தபோது அவர் முகத்திலிருந்த ஏக்கத்தைப் பார்க்கமுடியாமல், வராத வாசனைக்கு "ஓம், நல்லா மணக்குது" என்றேன்.

"என்ன பழம் மாதிரிங்க?"

மனோரஞ்சிதம் நினைத்த பழமாக மணக்கும் என்பார்களே. தப்பித்தேன் என்று, "பலாப்பழம்" என்றேன். அவர் இலைகளை விலக்கினார். உள்ளே இரண்டு பூக்கள், பச்சைப்பசேலென்று. "மஞ்சளாகாம மணக்காதுங்க" என்றார். பிறகு, மெதுவாக: "பூவுக்குப் பொய் சொன்ன மூக்கு, கேஸுக்கு உண்மை சொல்லுமா?"

அடுத்த நாள் என்னைக் கூப்பிடவில்லை. மனம் கேளாமல் நானே போனேன். வாசலிலேயே கேஸ் நாற்றம் குப்பென்று அடித்தது. பிள்ளைகள் வாங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கையில் நெருப்புக்குச்சி. "கொளுத்தாதேங்கோ!" என்று கத்தினேன். என்னைப் பார்த்தார். நம்புவதா வேண்டாமா என்று அவர் யோசித்த அந்தக் கணம் என் உயிர் என்னிடம் இல்லை. குச்சியைக் கீழே வைத்தார். ஒரு கேஸ் குழாயில் வெடிப்பு விழுந்திருந்தது.

அன்றே அதிபரிடம் போய் எல்லாவற்றையும் தானே சொன்னார். மாற்றவில்லை, பற்றவைக்கும் வேலைக்கு உதவியாளர் ஒருவரைப் போட்டார்கள். அந்த வாரமே பூக்கள் மஞ்சளாகின. செடியை வெட்டக் கத்தியோடு வந்த ஆளை வாசனையே திருப்பி அனுப்பியது.

போன மாதம் ஆஸ்பத்திரியில், பார்க்க வந்த எல்லோரும் சுகமாகிவிடும் என்று சொல்லிப் போனார்கள். தனித்ததும் என் கையைப் பிடித்தார். "டாக்டர் உங்ககிட்ட என்னங்க சொன்னாரு? நான் வீட்டுக்குப் போவேனா?"

ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. "இல்லை டீச்சர்" என்றேன்.

என் கையை விடாமலே சொன்னார்: "அப்ப என் தம்பிய வரச் சொல்லுங்க. பேசி எட்டு வருஷமாச்சு."

மறுநாள் ஹேவாஹெட்டயிலிருந்து தம்பி வந்தார். இரண்டு பேரும் மாலைவரை பேசினார்கள்.

அவர் போனபின் எனக்கு மிஞ்சியது நான் சொன்ன அந்த ஒரு 'இல்லை'. அதைச் சொன்னதற்காக இன்னும் அழுகிறேன். ஓம் என்றிருந்தால், வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்று நாளைத் தள்ளிக்கொண்டே, தம்பியைப் பார்க்காமல் போயிருப்பார்.