தாம்பூலத் தட்டும் நேம் சர்வரும்

ஒரு வெப்சைட்டை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு மாற்ற என்னென்ன வேண்டும்? கம்ப்யூட்டர், இன்டர்நெட், கொஞ்சம் பொறுமை. எங்கள் வீட்டில் கூடுதலாக ஒரு கட்டு வெற்றிலை, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பட்டு வேட்டி தேவைப்பட்டன.

சிரிக்காதீர்கள். மலேசியச் சுதந்திர தினமான மெர்டேக்கா விடுமுறையில் நடந்த கதை இது.

என் மனைவி மலர், மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்தே முறுக்கும் அதிரசமும் செய்து விற்கிறாள். தீபாவளி ஆர்டர்கள் பெரும்பாலும் அவளுடைய வெப்சைட்டில்தான் வரும். பழைய ஹோஸ்டிங் படு ஸ்லோ. ஒரு முறுக்குப் படம் திறப்பதற்குள் நிஜ முறுக்கையே சுட்டு எடுத்துவிடலாம். எனவே புது ஹோஸ்டிங் வாங்கி, புது சைட்டையும் தயார் செய்துவிட்டேன். பழைய இடம் வெள்ளிக்கிழமையோடு மூடப்படும். அதற்குள் மாறாவிட்டால், ஆர்டர் வரத் தொடங்குகிற நேரத்தில் கடை இருட்டாகிவிடும்.

எல்லாம் தயார். ஒன்றே ஒன்றுதான் பாக்கி... டொமைன்.

ஹோஸ்டிங் என்பது நாம் குடியிருக்கும் வீடு மாதிரி. டொமைன் என்பது நம் பெயர். வீடு மாறினாலும் பெயர் மாறாது. ஆனால் பெயரைச் சொல்லி வருகிறவர்களுக்கு ‘அவர்கள் இப்போது அந்த வீட்டில்’ என்று கைகாட்ட ஓர் ஆள் வேண்டுமல்லவா? அந்த ஆள்தான் நேம் சர்வர். டொமைன் கணக்கைத் திறந்து, பழைய நேம் சர்வரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். ஐந்து நிமிட வேலை.

கணக்கு யார் பெயரில் இருக்கிறது? மலரின் அண்ணன், என் மச்சான் சேகரன் பெயரில்! தொழில் தொடங்கிய காலத்தில் ஆசையாக வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். பாஸ்வர்ட் அவரிடம். சரிபார்க்கும் எண் வருவதும் அவர் கைப்பேசிக்கு.

மச்சானோ எங்களோடு பேசுவதில்லை.

எங்கள் மகள் கல்யாணத்தில் தாய்மாமன் மாலை போடும் நேரம். எம்சி மைக்கைப் பிடித்து, ஆள் மாறி, என் சித்தப்பா மகனை மேடைக்கு அழைத்துவிட்டார். அவனும் கூப்பிட்டார்களே என்று போய் நின்றுவிட்டான். மச்சான் கையில் மாலையோடு கீழேயே நின்றார். அன்று சாப்பிடாமல் கிளம்பியவர், அதன்பிறகு மலரின் போனைக்கூட எடுக்கவில்லை. அவள் எத்தனையோ முறை அழுதிருக்கிறாள்.

“தட்டு எடுத்துட்டுப் போவோம்” என்றாள் மலர்.

“நேம் சர்வர் மாத்தவா?”

“அண்ணன மாத்தவும்தான்.”

போனோம். விடுமுறைக்கு ஊர் சுற்ற வந்த கோலாலம்பூர் கார்கள் மலாக்கா முழுக்க நிற்க, அவற்றுக்கு நடுவே ஊர்ந்து, புக்கிட் காதில் பகுதியில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். தட்டைப் பார்த்ததும் மச்சான் முகம் கொஞ்சம் இளகியது. ஆனால் உடனே வாங்கிவிடுவாரா? வேட்டியின் கரையைத் தடவிப் பார்த்தார்.

“பசியாறிட்டீங்களா?” என்றார், என்னைப் பார்க்காமல்.

பேச்சு வந்துவிட்டது. அப்புறம் என்ன? லேப்டாப் வந்தது. நான் புது நேம் சர்வர் பெயர்களை ஒவ்வோர் எழுத்தாக உரக்கச் சொன்னேன். மச்சான் ஒவ்வொன்றாகத் தட்டினார். மலர் பக்கத்தில் கைகட்டி நின்றாள். மணவறையில் ஐயர் மந்திரம் சொல்ல மாப்பிள்ளை திருப்பிச் சொல்வதுபோல இருந்தது. சேவ் பட்டனை அழுத்தினார். சுபம்!

சுபமா? தேநீர் குடித்து முடித்தபின் என் கைப்பேசியில் பார்த்தேன். புது சைட் பளபளவென்று வந்துவிட்டது. மச்சான் தன் கைப்பேசியில் பார்த்தார். அதே பழசு.

மறுபடி பார்த்தார். பழசு.

“மாப்பிள்ளைக்குப் புதுசு... எனக்குப் பழசா?”

கல்யாண மேடை திரும்ப வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அவசரமாகப் புது ஹோஸ்டிங் கம்பெனிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

“எல்லாருக்கும் ஒரே நேரத்துல மாறாது அங்கிள். ஒவ்வொரு லைன்லயும் ஒவ்வொரு நேரம். ஒரு நாள், ரெண்டு நாள்கூட ஆகும்” என்றது ஒரு பெண் குரல்.

“அப்ப எனக்குத்தான் எப்பவும் கடைசி, அப்படித்தானேலா?” என்று கேட்டார் மச்சான். பாவம், அந்தப் பெண் எந்தக் கல்யாணத்தைக் கண்டாள்?

“இதெல்லாம் சூசா, பெரிய தொல்லை. பழசையே போட்டுர்றேன்.” அவர் கை லேப்டாப் பக்கம் போனது. பழசைப் போட்டால் வெள்ளிக்கிழமையோடு கடை இருட்டு!

மலர்தான் முந்திக்கொண்டாள். “அண்ணே, வீட்டு வைஃபைய நிறுத்துங்க. இவரு போன் லைன்ல சேர்ந்து பாருங்க.”

என் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து, பாஸ்வர்டைச் சொன்னேன். இப்போது மச்சான் கைப்பேசியிலும் புது சைட் வந்தது. ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கத்தை மலரே தொட்டுத் திறந்தாள்.

பக்கம் நிறைய ஒரு படம். மலரின் முதல் தீபாவளி வியாபாரம். முறுக்குச் சட்டிக்கு முன்னால் வேர்வை வழிய மச்சான். கீழே ஒரு வரி: ‘எங்கள் முதல் அடுப்பை வாங்கித் தந்தவர், என் அண்ணன்.’

அந்தப் படத்தை அவள் போட்டது எனக்கே தெரியாது. தட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே போட்டிருக்கிறாள். மச்சான் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். வெகுநேரம் பார்த்தார்.

“இந்தச் சட்டை இன்னும் இருக்கு” என்றார். வேட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை.

கதை முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு நாளாக ஒரு ஆர்டர் மெயிலும் வரவில்லை! பழைய இடத்தில் இருந்த மெயில் செட்டிங்கைப் புது இடத்தில் போடாமல் விட்டிருக்கிறேன். நல்லவேளை, இதற்கு மச்சானின் பாஸ்வர்ட் தேவையில்லை. புது ஹோஸ்டிங்கில் நானே போட்டுவிடலாம். பக்கத்தைத் திறந்து, வரியைத் தட்டச்சு செய்யப் போனேன்.

மலர் வந்தாள். எட்டிப் பார்த்தாள். என் லேப்டாப்பை மெதுவாக மூடினாள். போனை எடுத்தாள்.

“அண்ணே... மெயில் வரமாட்டேங்குது. இவருக்கு ஒன்னும் தெரியல. கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?”

மச்சான் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார், அந்தப் பழைய சட்டையோடு. நான் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவர் தட்டினார்.

எங்கள் வீட்டில் மெயில் வராமல் போனால், மச்சான் வருவார்.