உயிலை மாற்றப் போன வண்டி

கல்யாணமாகி ஒன்பது வருஷம் எனக்குக் குழந்தை இல்லை. பாகம் பிரிந்து தனக்கு வந்த நிலமெல்லாம் தனக்குப் பிறகு அண்ணன் மகனுக்கே என்று என் வீட்டுக்காரர் புதுச்சேரியில் பத்திரம் எழுதிப் பதிகிற நொத்தேரிடம் போய் உயில் எழுதிப் பதிந்துவிட்டு வந்தார். பத்தாம் வருஷம் மகள் பிறந்தாள். பாகூர் ஏரித் தண்ணீர் பாய்கிற அந்த நிலத்தில் அவளுக்கு ஒரு வரப்புகூடக் கிடையாது. காகிதம் அப்படித்தான் சொன்னது.

"மாத்தி எழுதிட்டு வாங்க" என்றேன். "ஆவட்டும்" என்றார். வாய்க்கால் தண்ணீருக்காக ஊரையே எதிர்த்து நிற்கிற சூரர்தான். ஆனால் அண்ணன் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். புதுச்சேரி போக வண்டி வேண்டும். வண்டியோ அவர் அண்ணன், என் மூத்தாருடையது. எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது?

முதல் தடவை மண்வெட்டி வாங்க என்றார். "நானும் வரேன்" என்று மூத்தாரே வண்டியைப் பூட்டினார். மண்வெட்டி வந்தது. இரண்டாம் தடவை மாட்டுக்கு மருந்து. அதுவும் வந்தது. மூன்றாம் தடவை பல்வலி என்று சொல்லிவிட்டார். மூத்தார் அக்கறையாக ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போய்ப் பக்கத்தில் நின்றார். நல்ல கடைவாய்ப் பல் ஒன்றைப் பறிகொடுத்துவிட்டு, கன்னம் வீங்க வந்து சேர்ந்தார் என் வீட்டுக்காரர். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. அந்த மாசம் ஊரில் வாந்திபேதி. இரண்டு வீடு தள்ளி, இவர் வயசு ஆள் ஒருவர் மூன்றே நாளில் போய்விட்டார். அப்போதுதான் நிஜமாகவே பயந்தேன்.

புருஷனின் அண்ணனிடம் நேராகப் பேசுவது எங்களில் வழக்கமில்லை. அதற்குத்தான் கைக்குழந்தை இருக்கிறதே! மூத்தார் வாசலுக்கு வந்தபோது கதவோரம் நின்றுகொண்டு மகளிடம் சொன்னேன்.

"ஏண்டி, உங்கப்பாரு உயிலை மாத்தத்தான் மூணு தபா பாண்டிக்குப் போனாரு. உங்க பெரியப்பாகிட்ட சொல்லக் கூச்சப்பட்டுக்கினு பல்லைப் புடுங்கிக்கினு வந்துட்டாரு. நீ இன்னாடி பண்ணுவே?"

தன் மகனுக்கு வரவேண்டிய நிலமாயிற்றே, கோபித்துக்கொள்வாரோ என்று கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். மூத்தார் தொண்டையைச் செருமினார். அவரும் குழந்தையைப் பார்த்தே பேசினார்.

"உங்கம்மாகிட்ட சொல்லுடி கண்ணு. மூணு தபாவும் மொதல்ல நொத்தேர் வூட்டு வாசல்லதான் வண்டிய நிறுத்தினேன். இந்த மடையன் குனிஞ்ச தலை நிமிரல. அவனா எழுதிக் குடுத்ததை, மாத்துடான்னு நான் எப்படிச் சொல்றது?"

மறுநாள் நானும் குழந்தையோடு வண்டியில் ஏறிக்கொண்டேன். யார் பேருக்கு என்று நொத்தேர் கேட்டதும் என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். என் மகளின் பெயரை உரக்கச் சொன்னவர் மூத்தார்தான்.